ஒகேனக்கல்லா, ராயக்கோட்டையா: மே மாதப் புழுக்கத்தில் எந்த ரோடு?

எங்கள் சைக்கிள் குழுவில் வருஷத்துக்கு ஒருமுறை, மே கடைசி ஞாயிற்றுக்கிழமை, நீள ரைடு ஒன்று உண்டு. பள்ளி திறக்கும் முன்பு வாத்தியார்கள், பிள்ளைகள், பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் என எல்லாரும் ஒன்றாகக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். அதனால் தேதியில் கை வைக்க முடியாது. ரோட்டைத்தான் மாற்ற முடியும். போன வாரம் தருமபுரி நான்கு ரோடு சந்திப்பு டீக்கடையில் கூடிப் பேசியபோது முக்கால்வாசிப் பேர் ஒகேனக்கல் என்றார்கள். நான் ராயக்கோட்டை என்றேன். "அங்க என்னண்ணா இருக்கு, தக்காளி மண்டியத் தவிர?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். டீ ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் புழுக்கம். நம் ஊர் சென்னை மாதிரி இல்லை, வறண்ட ஊர்தானே, வெயில் இருந்தாலும் காற்றில் ஈரம் கிடையாதே என்பார்கள். ஏப்ரலுக்கு அது சரி. மே பாதிக்கு மேல் கோடை மழை ரெண்டு அடித்த பிறகு நிலைமை வேறு. ராத்திரி இடி மின்னலோடு பெய்யும், காலையில் மண்ணிலிருந்து ஆவி எழும்பும், ஒன்பது மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். பகலில் 36, 37 டிகிரி. தெர்மாமீட்டர் ஏப்ரலில் காட்டியதையே காட்டினாலும் உடம்புக்கு அது வேறு வெயில்.

காரணம் சுலபமானது. நாம் மிதிக்கச் செலவழிக்கும் சக்தியில் கிட்டத்தட்ட கால்வாசிதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி முக்கால்வாசி உடம்புக்குள் சூடாகவே தங்குகிறது. அதை வெளியேற்ற நமக்கிருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் மூக்கு நுனியிலிருந்து சொட்டினால் ஒன்றையும் எடுத்துப் போகாது. நீரும் உப்பும் போனதுதான் மிச்சம். காற்றில் ஈரம் ஏற ஏறச் சொட்டும் பங்கு கூடும். அப்போது நம்மைக் காப்பாற்றுவது ஒன்றே ஒன்று: உடம்பின் மேல் ஓடும் காற்று. சைக்கிளில் அந்தக் காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். 25 கி.மீ. வேகத்தில் போனால் 25 கி.மீ. காற்று. மேட்டில் 8 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 8 கி.மீ. காற்று, அதுவும் உடம்பு அதிகமாகச் சூடேறும் நேரத்தில்.

ஆகவே இந்த மாதிரி நாளில் எத்தனை கிலோமீட்டர் என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. மேடு எத்தனை மணிக்கு வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. என் வாதம் முழுக்க இது ஒன்றுதான். பேச்சில் வந்த எல்லா ரோட்டையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்த்தேன்.

வேண்டாம் என்று சீக்கிரம் சொல்லிவிடக்கூடியவை

தொப்பூர் வழியாக மேட்டூர் போகலாம் என்று ஒருவர் சொன்னார். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரிகளுக்கு நடுவே முப்பது பேரை வரிசையாக இறக்க எனக்குத் தைரியம் இல்லை. வத்தல்மலை அழகு, ஆனால் அது தனியாளாக, அல்லது ஒரே பலமுள்ள நாலு பேராகப் போகிற மலை. பதினைந்து வயதுப் பையனும் அறுபது வயது ஓய்வு பெற்ற தாசில்தாரும் சேர்ந்து போகிற ரைடுக்கு ஆகாது.

காவேரிப்பட்டணம் வழியாகக் கிருஷ்ணகிரி அணை. இதை ஆதரிப்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது: ரோடு நல்ல ரோடு, வழி நெடுகக் கடை, பஞ்சர் ஆனாலும் ஆள் விழுந்தாலும் பத்து நிமிஷத்தில் உதவி. மாம்பழ சீசன் வேறு. அந்தப் பக்கம் ரோட்டோரக் குடிசைகளில் செந்தூராவும் பெங்களூராவும் குவித்து வைத்திருப்பார்கள். ஆனால் அது 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சர்வீஸ் ரோடு ஒவ்வொரு பாலத்துக்கும் முடிந்துபோகும், மெயின் ரோட்டில் ஏறினால் பக்கத்தில் கண்டெய்னர் லாரி. நிழல் என்பது மேம்பாலத்துக்கு அடியில் மட்டும்தான். பத்து மணிக்கு மேல் தாரிலிருந்து எழும்பும் சூடு முகத்தில் அடிக்கும். மழைக்காலத்தில் தென்பெண்ணையில் தண்ணீர் ஓடும்போது போகவேண்டிய இடம் என்பேன்.

அரூர், தீர்த்தமலை. அரூருக்குச் சுமார் 40 கி.மீ., அங்கிருந்து தீர்த்தமலைக்கு இன்னும் 16. போக வர 110-ஐத் தாண்டும். ரோடு அமைதி, பனை மரம் நிறைய, மே மாதம் நுங்குக்குப் பஞ்சமில்லை. நூறு கிலோமீட்டர் கணக்குக் காட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இதுதான் பிடிக்கும். சிக்கல் திரும்பும்போது. அரூர் தருமபுரியைவிடத் தாழ்ந்த ஊர், அதனால் வெயிலும் ஒரு படி கூடுதல், வீடு நோக்கி வரும் ரோடு லேசான மேடு. அதோடு மே கடைசியில் மேற்குக் காற்று எழத் தொடங்கிவிடும். தருமபுரி அரூருக்கு நேர் மேற்கே இருக்கிறது. பதினொரு மணி வெயிலில் எதிர்காற்றை நெஞ்சில் வாங்கி 40 கி.மீ. மிதிப்பது என்றால், நுங்கு தின்ற சந்தோஷம் மொரப்பூர்ப் பக்கம் வருவதற்குள் தீர்ந்துவிடும். எதிர்காற்று வியர்வையைக் காய வைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். தளர்ச்சிதான் வருமே தவிர, உடம்பு கொதித்து விழுகிற ஆபத்து அங்கே குறைவு. டிசம்பரில் போகலாம். உண்மையாகவே நல்ல ரோடு.

மிச்சம் இரண்டு. விசேஷம் என்னவென்றால், ஒகேனக்கல்லும் ராயக்கோட்டையும் தருமபுரியிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரம். ஒன்று 46, இன்னொன்று சுமார் 45. போக வரத் தொண்ணூற்றுச் சொச்சம். காகிதத்தில் வித்தியாசமே தெரியாது.

ஒகேனக்கல்: போகிற சுகம், வருகிற பாடு

ஒகேனக்கல்லைக் குறைசொல்ல எனக்கு மனமே வராது. பென்னாகரம் வரை 30 கி.மீ. ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் ரோடு. விடியற்காலையில் தோட்டங்களில் மோட்டார் ஓடும் சத்தம், வீட்டு வாசலில் சாணம் தெளிக்கும் வாசம். பென்னாகரம் தாண்டினால் காடு. அப்புறம் 16 கி.மீ. காவிரி வரைக்கும் கிட்டத்தட்ட மிதிக்கவே வேண்டாம். இறங்கும்போது காற்று சட்டைக்குள் புகுந்து குளிரும். கீழே போனால் ஆறு, பரிசல், மீன் வறுவல். இருபது பேர் ஏன் கை தூக்கினார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் மூன்று வருஷம் தூக்கியவன்தான்.

ஆனால் இறங்கியதை ஏறியாக வேண்டும். அதுவும் எப்போது? எங்கள் மெதுவான கூட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். காலை 4.45-க்குக் கிளம்பினால் பென்னாகரத்தில் டீ குடித்துவிட்டு ஒகேனக்கல் சேரும்போது 7.20. அங்கே போன எந்தக் கூட்டமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை. கிளம்ப 9 மணி. மலை ரோட்டில் 9 கி.மீ. வேகத்தில் ஏறி, நடுநடுவே நின்று, பென்னாகரம் சேர 11. அங்கிருந்து வீட்டுக்கு இன்னும் 30 கி.மீ. பகல் ஒரு மணி ஆகிவிடும். வெயில் ஏறிக்கொண்டே போகும் அதே நேரத்தில் நாமும் ஏறிக்கொண்டிருப்போம்.

இதில் மூன்று சங்கடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒகேனக்கல் பள்ளம். சுற்றிலும் மலை, நடுவில் ஆறு. ஈரக் காற்று வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கும். தருமபுரியில் சாதாரணமாக இருக்கும் நாளிலும் அங்கே பிசுபிசுப்பு கூடுதல். இரண்டாவது, மேட்டில் நம் வேகம் போய்விடுவதால் நாம் உண்டாக்கும் காற்று போய்விடும். மூன்றாவதை நான் போன வருஷம்தான் கவனித்தேன். மேற்குக் காற்று நமக்குச் சாதகம் என்று எல்லாரும் சொல்வார்கள், ஏனென்றால் திரும்பும்போது நாம் போவது கிழக்கே. சமதரையில் சாதகம்தான். மேட்டில் அது பாதகம். பின்னாலிருந்து 8 கி.மீ. வேகத்தில் காற்று, நாமும் அதே வேகத்தில் ஏறுகிறோம் என்றால் உடம்பைச் சுற்றிக் காற்று அசையவே அசையாது. இலை ஆடுவதைக் கண்ணால் பார்ப்போம். தோலுக்கு ஒன்றும் எட்டாது. மூடிய அறையில் ஸ்டாண்டில் வைத்த சைக்கிளை மிதிப்பதற்குச் சமம்.

பென்னாகரத்துக்கும் தருமபுரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர் வருகிறது, நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகக் கொண்டுவந்த திட்டம். அந்த மேட்டைத் தண்ணீர் தானாக ஏறவில்லை, பெரிய பெரிய பம்பு வைத்துத்தான் ஏற்றுகிறார்கள். இதை நான் ஒவ்வொரு முறையும் அந்த ரோட்டில் மூச்சு வாங்கும்போது நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். எங்களில் நன்றாக ஓட்டுகிறவர்களில் ஒருவர், பெங்களூரில் வேலை. அங்கே விடியற்காலைக் குளிரில் வாரம் 200 கி.மீ. ஓட்டுகிறவர். ஏற்றத்தில் முன்னால் போய்விட்டார். பாதி மலையில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கையில் மயிர் சிலிர்த்திருந்தது. குளிர்கிறது என்றார், அந்த வெயிலில். "பென்னாகரம் தாண்டியாச்சா?" என்று கேட்டார். இல்லையண்ணா என்றேன். ஒரு நிமிஷம் கழித்து அதையே திரும்பக் கேட்டார். அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. களைத்தவன் திட்டுவான், படுத்துக்கொள்வான், ஆனால் பேச்சில் தடுமாற மாட்டான். பேச்சு குழம்பினால் சூடு மூளையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஹெல்மெட்டைக் கழற்றி, இருந்த பாட்டில் தண்ணீரையெல்லாம் தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் ஊற்றி, ரெண்டு பேர் துண்டால் விசிற, மேலே வந்த ஒரு ஜீப்பை நிறுத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சாயங்காலமே வீடு திரும்பினார். 108-ஐ முதலிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும். அங்கே எங்கள் போன்களில் சிக்னல் இல்லை.

அவர் பலவீனமானவர் இல்லை என்பதைக் கவனியுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அந்தப் பழக்கம் கால் பலத்தோடு சேர்ந்து வராது. பலம் இருந்து பழக்கம் இல்லாதவர்தான் தன்னை அதிகமாகச் சூடாக்கிக்கொள்வார்.

ஒகேனக்கல்லைக் காப்பாற்ற முடியுமா?

ஒகேனக்கல் கட்சிக்காரர்கள் மூன்று யோசனை சொல்கிறார்கள். மூன்றையும் யோசித்துப் பார்த்தேன்.

முந்தின நாளே போய்த் தங்கிவிட்டு, விடியற்காலை 4 மணிக்கு மேடு ஏறலாம் என்பது ஒன்று. வெயிலுக்கு இதுதான் சரியான மருந்து. ஆனால் அது யானை நடமாடும் காடு. இருட்டில், சத்தமில்லாத வண்டியில், வளைவில் திரும்பும்போது எதிரே யானை நின்றால் என்ன செய்வது? வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினால்கூட 6 மணி; எட்டுக்குள் பென்னாகரம். அது தாராளமாகப் போதும். செலவும் ஒரு ராத்திரியும் ஒத்துக்கொள்கிறவர்கள் தனியாக இதைச் செய்யலாம். முப்பது பேருக்கு அறை, சைக்கிள் வைக்க இடம், வீட்டில் அனுமதி என்று பார்த்தால் ஞாயிறு ரைடு கல்யாண ஏற்பாடு ஆகிவிடும்.

இரண்டாவது, கீழேயே நிற்காமல் உடனே திரும்புவது. இதைச் சொன்னவரே சிரித்துவிட்டார். ஆற்றைப் பார்த்துவிட்டுக் குளிக்காமல் வருவதற்கு அங்கே ஏன் போகவேண்டும்? குளிப்பதிலும் ஒன்று. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்கு வெயிலில் அலையாதே என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஒகேனக்கல்லில் மசாஜ் செய்துகொண்டு மேடு ஏறுகிறவர்கள் அந்தச் சொல்லுக்கு நேர் எதிராக நடக்கிறார்கள். தவிர, ஆற்றில் வரத்து கூடினால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போட்டுவிடுவார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: போவது சைக்கிளில், மலை ஏறுவது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில். இரண்டு மூன்று குட்டியானைகளில் சைக்கிளை அடுக்கிக் கட்டி பென்னாகரம் வரை ஏற்றிவிட்டால் மிச்சம் 30 கி.மீ. பின்காற்றோடு ஓட்டிவிடலாம். காட்டுக்குப் பெரிய யானை, நமக்குக் குட்டியானை. இதில் குறை, கியர் சைக்கிள்களை அடுக்கினால் கியர் மாற்றும் டீரெய்லர் வளையும், பெயின்ட் உரசும், அப்புறம் ஆளாளுக்கு முகம் தூக்குவார்கள். இதைவிடப் பெரிய குறை, வண்டி இருக்கும்போதும் "நான் ஏறியே வருவேன்" என்று பத்துப் பேர் கிளம்புவார்கள். யாரைத் தடுக்க முடியும்? நான் பயப்படுவது அவர்களுக்குத்தான்.

ராயக்கோட்டை: போகிற பாடு, வருகிற சுகம்

தருமபுரியிலிருந்து பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை. ஓசூர்ப் பீடபூமியின் விளிம்பு வரை ஏறுகிறோம். தருமபுரியைவிட ராயக்கோட்டை இருநூறு மீட்டருக்கு மேல் உயரம். ஒகேனக்கல் மலை ஏற்றமும் ஏறத்தாழ அவ்வளவுதான், ஆனால் இங்கே அது 45 கி.மீ. நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது, கடைசிப் பகுதியில்தான் கொஞ்சம் செங்குத்து. முக்கியமானது, அதை ஏறி முடிக்கும்போது மணி எட்டு.

விடியற்காலையில் ஈரப்பதம் அதிகம்தான். சொல்லப்போனால் ஒரு நாளில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதே அப்போதுதான். ஆறு மணிக்கே சட்டை நனைந்துவிடும். ஆனால் 24, 25 டிகிரியில் வெயிலும் இல்லாதபோது உடம்புச் சூடு வியர்வையை நம்பாமலே ஓரளவு வெளியேறிவிடும். சட்டை நனைகிறதே என்று பயப்பட வேண்டாம், தண்ணீர் குடிக்க மட்டும் மறக்கக்கூடாது. குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் எல்லாரும் குடிக்க மறக்கிறார்கள்.

உயரமான ஊர், குளுகுளுவென்று இருக்கும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். அந்த உயரத்துக்கு இரண்டு டிகிரிகூடக் குறையாது. லாபம் அங்கே இல்லை, திரும்பி வருவதில் இருக்கிறது. ஒன்பது மணிக்கு வெயில் சூடேறும்போது நாம் இறங்க ஆரம்பிக்கிறோம். குறைவாக மிதிக்கிறோம், அதனால் குறைவாகச் சூடாகிறோம். வேகமாகப் போகிறோம், அதனால் நிறையக் காற்று. நாம் தெற்கே வருவதால் மேற்குக் காற்று வலப்பக்கத்திலிருந்து குறுக்கே அடிக்கும். அது தள்ளிவிடாது, ஆனால் சட்டையைக் காய வைக்கும். ரெண்டு பேர் ஜோடியாகப் பேசிக்கொண்டு வருகிறவர்கள் மட்டும் கொஞ்சம் கவனமாக ஓட்ட வேண்டும்.

குறைகள் உண்டு. ஆறு இல்லை, குளியல் இல்லை. சாலையை அகலப்படுத்திய பிறகு நிழல் குறைவு. அதிகாலையில் தக்காளி ஏற்றிய வண்டிகள் அவசரத்தில் பறக்கும். பார்க்கிறதற்கு ராயக்கோட்டைக் கோட்டை இருக்கிறது, 1791-ல் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர்கள் திப்புவிடமிருந்து பிடித்தது. ஆனால் 45 கி.மீ. மிதித்தவனிடம் அந்தப் பாறை மேல் ஏறிப் பார் என்றால் கையெடுத்துக் கும்பிடுவான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். தம்பி கேட்ட தக்காளி மண்டிக்கு வருகிறேன். பழுத்த நாட்டுத் தக்காளியைப் பிட்டு உப்புத் தொட்டுச் சாப்பிட்டுப் பார்க்கட்டும், நீரும் உப்பும் சேர்ந்து இறங்கும்.

இன்னொரு வசதி, இந்த ரோட்டில் ஊர்கள் தொடர்ந்து வரும். பாலக்கோடு, மாரண்டஹள்ளி இரண்டிலும் மருந்துக்கடை, டீக்கடை, பஸ் ஸ்டாண்டு. யாருக்கு முடியவில்லையோ அவர் பாலக்கோட்டிலேயே நின்று, 22 கி.மீ. போல் திரும்பி வந்தால் அவருக்கு அது ஒரு முழு ரைடு. ஒகேனக்கல்லில் முடியாமல் போவது எப்போதும் மலைக்கு நடுவில்தான்.

ஒரே கூட்டமா, இரண்டு கூட்டமா?

ரோட்டை விடவும் இதில்தான் எங்களுக்குள் சண்டை. சேர்ந்து போனால்தானே குழு என்பது பழைய கட்சி. சமதரையில் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போனால் பின்னால் வருகிறவருக்கு உழைப்பு நன்றாகவே குறையும், உண்மை. ஆனால் வெயில் நாளில் பின்னால் ஒட்டி வருகிறவருக்குக் காற்றும் குறையும். மேட்டில் ஒட்டிப் போய் ஒரு லாபமும் இல்லை. வேகமானவர் இழுக்க, மெதுவானவர் தன் சக்திக்கு மீறி மிதிக்க, சூடு மட்டும் ஏறும்.

வழக்கமாக நாங்கள் செய்வது வேகமானவர்களை முன்னால் அனுப்புவது. யோசித்தால் அது தலைகீழ். வேகமானவர் 10.30-க்கு வீட்டில் மோர் குடிப்பார், மெதுவானவர் 12 மணிக்கு ரோட்டில் இருப்பார். யாருக்குத் தாங்கும் சக்தி குறைவோ அவர்தான் அதிக வெயில் வாங்குகிறார். இந்த முறை மெதுவானவர்கள் 4.45-க்குக் கிளம்பட்டும், முன்விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். மே கடைசியில் சூரியன் ஆறுக்குச் சற்று முன்பு உதிக்கிறது, ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடும். 15 கி.மீ. வேகத்தில் போய் பாலக்கோட்டில் இருபது நிமிஷம் நின்றாலும் ராயக்கோட்டை சேர 8.05. வேகமானவர்கள் 5.30-க்குக் கிளம்பி 21 கி.மீ. வேகத்தில் வந்தால் அவர்களும் எட்டு மணி சுமாருக்கு அங்கே. டிபன் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடலாம். சேர்ந்து போனால்தான் குழு என்கிறவர்களுக்கு அது போதாதா? 8.50-க்குக் கிளம்பினால் மெதுவானவர்கள் தருமபுரி சேர 11 தாண்டிக் கொஞ்சம், மற்றவர்கள் பத்தரை.

ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் ஜோடி பிரித்துவிடுவது நல்லது. பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஜோடியிடம் ஏதாவது கேளுங்கள்: இன்றைக்கு டிபன் என்ன, பிள்ளை எந்த வகுப்பு. பதில் ஒழுங்காக வந்தால் சரி. ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டாலோ, வியர்வை நின்று குளிர்கிறது என்றாலோ அன்றைக்கு அவர் ரைடு முடிந்தது. நிழல், தண்ணீர் ஊற்றல், விசிறல், 108. தெளிவாகப் பேசாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

தண்ணீரா, இளநீரா, பாக்கெட்டா?

ஆளையும் வேகத்தையும் பொறுத்து மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை வியர்க்கும். ஆறு மணி நேர ரைடில் ரெண்டு பாட்டில் தண்ணீர் என்பது சட்டையை நனைத்ததற்குக்கூடக் காணாது. அதே சமயம் பயத்தில் வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும்; பார்த்தால் வெயில் தாக்கியது போலவே இருக்கும். ரைடுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் பாக்கி என்று வையுங்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

இளநீரை நான் விடச் சொல்லவில்லை. ஆனால் அதில் பொட்டாசியம்தான் நிறைய, வியர்வையில் போகும் சோடியம் கொஞ்சம்தான். இளநீரோடு உப்புக் கடலையோ முறுக்கோ சேர வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 20.5 கிராம் முழுக்க ஒரு லிட்டருக்கு. போன வருஷம் ஒருவர் அதை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எனக்குக் கேட்டால் நம் ஊர் ரோட்டோரக் கம்பங்கூழுக்கு ஈடில்லை: தண்ணீர், மாவு, மோர், உப்பு, கூடவே மோர் மிளகாய். கண்ணாடி டம்ளரில் ஐஸ் போட்ட கரும்பு ஜூஸ் மட்டும் வேண்டாம். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

பின்னால் ஒரு வண்டி வேண்டுமா என்றால் வேண்டும். ராயக்கோட்டை ரோட்டுக்கு ஒரு குட்டியானை போதும். 20 லிட்டர் கேன் நாலு, ஐஸ் பெட்டி ஒன்று, காற்றடிக்கும் பம்பு, ரெண்டு சைக்கிள் படுக்க இடம். அது கடைசி ஆளுக்குப் பின்னால்தான் வர வேண்டும். போன முறை முன்னால் போய் டீக்கடையில் நின்றுவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு ரோட்டில் கை தூக்கச் சொல்வோம். ஒகேனக்கல் ஜெயித்தாலும் நான் வருவேன், குட்டியானையில் ஏறித் திரும்புகிறவர்களில் முதல் ஆளாக. ராயக்கோட்டை என்றால் 4.45 கூட்டத்தில் வருகிறேன். முழங்கால் முன்போல் இல்லை. உப்பு நெல்லி ஒரு டப்பா எடுத்து வருகிறேன். அதியமான் ஊர்க்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தால் மாரண்டஹள்ளி மேடு வரை இனிக்கும்.